இளமுகம் வரைவது எப்படி?

படம் வரையப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு கிழவர் முகத்தைத்தான் வரைகிறார்கள். தாடி, நெற்றிச் சுருக்கம், ஒட்டிய கன்னம், மூக்குக் கண்ணாடி எல்லாம் இருந்தால் பிடித்துக்கொள்ள நூறு இடம் உண்டு. நாலு சுருக்கத்தைச் சரியாகப் போட்டுவிட்டால் மற்றது தானே வந்துவிடும். பார்க்கிறவர்களும் "அடடா, தத்ரூபமாக இருக்கிறதே" என்பார்கள். அதே கையால் பதினைந்து வயதுப் பெண்ணையோ பையனையோ வரையச் சொல்லுங்கள், அப்போது தெரியும் சேதி. கோடு என்று சொல்ல எதுவுமே இல்லாத முகம் அது. ஒரு கோடு கூடுதலாக விழுந்தால் வயது பத்து ஏறிவிடும். மூக்கோரத்திலிருந்து வாய்வரை சின்னதாக ஒரு கோடு இழுத்தால் போதும், பிள்ளை அத்தையாகிவிடுவாள்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் ஓவியம் பழகும் பிள்ளைகள் நிறையப் பேர். ஓய்வு பெற்றபின் தூரிகையைக் கையில் எடுத்திருக்கும் என் வயதுக்காரர்களும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் கலைக்கல்லூரியில் படித்தவன் அல்லன். டிப்ளமோ முடித்து ரயில்வேயில் தண்டவாளப் பகுதியில் வேலை பார்த்தவன். டிராயிங் போர்டிலும் டி-ஸ்கொயரிலும் பழகிய கை, ஓய்வுக்குப் பிறகுதான் முகத்துக்கு வந்தது. ஆகவே பாடத்தில் அங்கங்கே தண்டவாள வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு படத்தைப் பார்ப்போம். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் உள்ள, கையில் விளக்கேந்திய பெண்ணின் ஓவியத்தைச் சொல்கிறேன். பெங்களூரில் இருக்கும் நம்மவர்களில் தசராவுக்கு மைசூர் போனவர்கள் பலர் அதைப் பார்த்திருப்பார்கள். பார்க்காதவர்கள் வீட்டிலும் நாள்காட்டியிலோ, கண்ணாடிச் சட்டத்திலோ அதன் நகல் இருந்திருக்கும். ஒரு கையில் குத்துவிளக்கு, மறு கை சுடரை மறைத்திருக்கும், விரல்களின் ஊடே வெளிச்சம் சிவப்பாகக் கசியும்.

இது ரவிவர்மா வரைந்தது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ரவிவர்மா 1906-இல் காலமானவர். இந்தப் படம் 1945-46-இல் வரையப்பட்டது. வரைந்தவர் எஸ்.எல். ஹல்தங்கர். சாவந்தவாடியில் பிறந்து பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்தவர். ரவிவர்மாவின் அசல் ஓவியங்களும் அதே அரண்மனையில் தொங்குவதால் இந்தக் குழப்பம் வந்திருக்க வேண்டும். விளக்கோடு நின்றவர் ஹல்தங்கரின் மகள் கீதா. அவர் 102 வயதுவரை வாழ்ந்து 2018-இல் கோலாப்பூரில் காலமானார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தந்தை முன் நின்றபோது அவருக்கு முப்பதை நெருங்கும் வயது. படத்தில் இருப்பவளுக்குப் பதினெட்டு என்று சொன்னாலும் நாம் நம்பிவிடுவோம். ஏன் அப்படித் தோன்றுகிறது? முகத்தில் கோடு இல்லை. விளக்கு வெளிச்சமும், அது தூரம் போகப்போக மங்குவதும்தான் அந்த முகத்தை உண்டாக்குகின்றன.

இன்னொரு விஷயம், அது எண்ணெய் வண்ணம் அல்ல, நீர் வண்ணம். எண்ணெய் வண்ணத்தில் தவறு நேர்ந்தால் சுரண்டி எடுக்கலாம், காய்ந்தபின் மேலே பூசலாம். நீர் வண்ணத்தில் அந்தச் சலுகை கிடையாது. வெளிச்சம் என்பது அங்கே காகிதத்தின் வெள்ளைதான். அதை முதலிலேயே காப்பாற்றி வைத்துக்கொண்டு, மெல்லிய நிறத்திலிருந்து அடர்ந்த நிறத்துக்கு ஒவ்வொரு பூச்சாக இறங்க வேண்டும். ஒரு பூச்சு கூடிவிட்டால் திரும்பி வர வழி இல்லை. அப்படி இருக்க, இருட்டும் விளக்குமான ஒரு காட்சியை நீர் வண்ணத்தில் எடுத்துக்கொண்டாரே, அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

கோடு இல்லாமல் முகம் எப்படி வரும் என்று கேட்பவர்களுக்கு இன்னொரு படமும் உண்டு. டச்சு ஓவியர் வெர்மீர் 1665 வாக்கில் வரைந்த, முத்துத் தோடு அணிந்த பெண். ஹேக் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நகல் எங்கும் கிடைக்கும். பெரிய படம் என்று நினைத்துவிடாதீர்கள், உயரம் 44.5 செ.மீ., அகலம் 39 செ.மீ. அவ்வளவே. அதில் மூக்கையும் அதன் அப்புறத்துக் கன்னத்தையும் உற்றுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடே கிடையாது. மூக்கின் நிறமும் கன்னத்தின் நிறமும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஆனாலும் மூக்கு எங்கே முடிகிறது என்பதில் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. கோட்டை நம் கண் போட்டுக்கொள்கிறது, ஓவியர் போடவில்லை. இளமுகத்துக்கு இதுவே முதல் பாடம்: எல்லையைக் கோட்டால் காட்டாமல், பக்கத்துப் பக்கத்து நிறங்களின் அடர்த்தியால் காட்ட வேண்டும்.

அதற்காக அளவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அளவு பிசகினால் எவ்வளவு அழகாக நிழல் போட்டாலும் அது வேறொருவர் முகமாகத்தான் இருக்கும். கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். கண்ணின் உள்மூலைக்கு நேர் கீழே மூக்கின் எந்த இடம் வருகிறது? கருவிழிக்கு நேர் கீழே வாயின் மூலை வருகிறதா, உள்ளே தள்ளி வருகிறதா? பிறகு பென்சிலை ரசமட்டம்போலக் கிடையாகப் பிடித்து, இரு கண்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, தலை சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கன்னத்தின் வளைவுக்கு நான் கையாளும் முறை ரயில் பாதையிலிருந்து வந்தது. பாதை வளையும் இடத்தில் வளைவு சரியாக இருக்கிறதா என்று அறிய, 20 மீட்டர் நூலைத் தண்டவாளத்தின் ஓரத்தில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இழுத்துப் பிடிப்போம். நூலின் நடுவில் தண்டவாளம் எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று அளப்போம். அதற்கு வெர்சைன் என்று பெயர். முகத்துக்கும் அதேதான். பொட்டிலிருந்து, அதாவது நெற்றிப் பொட்டு அல்ல, காதுக்கு மேலே உள்ள கன்னப்பொட்டிலிருந்து, தாடை நுனிவரை பென்சிலை நேராக வைத்துப் பாருங்கள். அந்த நேர்கோட்டைத் தாண்டிக் கன்னம் எவ்வளவு பிதுங்கியிருக்கிறது? மிக அதிகமாகப் பிதுங்கும் இடம் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? சிறு பிள்ளைக்கு அது வாய்ப் பக்கமாகத் தாழ்ந்திருக்கும். வளர வளர மேலேறிக் கன்ன எலும்புக்குப் போகும். பன்னிரண்டு வயதா, இருபது வயதா என்பதை இந்த ஒரு வளைவே பாதி சொல்லிவிடும்.

வயதைச் சொல்லும் அளவுகள் இன்னும் சில உண்டு. பெரியவர்களுக்கு உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரிபாதியில் கண் இருக்கும். குழந்தைக்குப் பாதிக்குக் கீழே இருக்கும். மண்டை முன்னதாக வளர்ந்துவிடுகிறது, தாடை மெதுவாக வளர்கிறது என்பதே காரணம். கண்ணின் கருவட்டம் இன்னும் வேடிக்கை. பிறந்த குழந்தைக்கே அது ஏறக்குறைய 10 மி.மீ. அகலம் இருக்கும். வளர்ந்தவருக்கு 12 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதாவது முகம் முழுவதும் பெரிதாகிக்கொண்டே போக, கருவிழி மட்டும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. குழந்தையின் கண் பெரிதாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். ஏழெட்டு வயதுப் பிள்ளை சிரிக்கும்போது முன்பற்கள் இரண்டும் மண்வெட்டிபோலத் தெரிவதும் இப்படித்தான். அவை முளைக்கும்போதே முழு அளவில் முளைக்கும் நிலையான பற்கள். வாய்தான் இன்னும் சிறியது. அழகாக இருக்கட்டும் என்று அந்தப் பற்களைச் சிறிதாக்கி வரைந்தால் வயது போய்விடும், பிள்ளையும் போய்விடுவாள்.

கண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. கண்ணின் வெள்ளை, வெள்ளை அல்ல. அது உருண்டை, மேல் இமையின் நிழல் அதன்மேல் விழுகிறது. தூய வெள்ளை பூசினால் பயந்த பார்வை வந்துவிடும். சற்றே சாம்பல் கலந்து பூசிவிட்டு, கருவிழியில் ஒரே ஒரு ஒளிப்புள்ளி வையுங்கள். சன்னல் இடப்பக்கம் இருந்தால் இரண்டு கண்ணிலும் அது இடப்பக்கமே இருக்க வேண்டும். எகிப்தில் ஃபயூம் பகுதியில் கி.பி. 1 முதல் 3-ஆம் நூற்றாண்டு வரை, இறந்தவர்களின் உடலோடு வைப்பதற்காகப் பலகையில் முகம் வரைந்தார்கள். பல படங்களில் தேன்மெழுகில் நிறம் குழைத்துத் தீட்டியிருக்கிறார்கள். அவற்றில் யூடிகிஸ் என்ற சிறுவனின் படம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நகலைப் பார்த்தாலே அவன் நம்மை ஏதோ கேட்க வந்தவன்போல இருக்கும். வயது ஏறத்தாழ 1,900 ஆண்டு.

இனி வெளிச்சம். மேல்நாட்டுப் புத்தகங்கள் எல்லாம் "வடக்குச் சன்னல் ஓரம் உட்காரவை" என்று சொல்லும். வெயில் நேராக விழாது, நிழல் நாள் முழுக்க மாறாது என்பது அதன் காரணம். லண்டனுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். பெங்களூர் வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதிவரை உச்சி வெயிலே நமக்குச் சற்று வடக்கே சாய்ந்துதான் நிற்கும். காலையிலும் மாலையிலும் வடக்குச் சன்னலில் வெயில் எட்டிப் பார்க்கும். ஆகவே அந்த மாதங்களில் ஒரு வெள்ளை வேட்டியைச் சன்னலில் கட்டிவிடுங்கள், வெளிச்சம் மிருதுவாகிவிடும். டியூப் லைட்டை அணைத்துவிட வேண்டும். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வந்தால்தான் முகத்துக்குத் திரட்சி வரும்.

அடுத்தது நிறம். இதற்குத்தான் இந்தக் கட்டுரையை எழுதவே உட்கார்ந்தேன்.

லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குக் கீழே ரயில் போகும் சத்தம் கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் மாடிக்கு வரைய வருவார்கள். ஒருநாள், அவரவர் முகத்தைக் கண்ணாடி பார்த்து வரையுங்கள் என்றேன். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, நல்ல கறுப்பு நிறம், களையான முகம். பெட்டியிலிருந்து வெளிர் ரோஜாக் குச்சியை எடுத்தாள்.

"ஏம்மா, நீ இந்த நிறமா?"

"இல்ல தாத்தா. ஆனா இதுக்குப் பேரே ஸ்கின் கலர்தானே?"

அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பெட்டியில் அப்படித்தான் பெயர் வைத்து விற்றார்கள். அமெரிக்காவில் கிரேயோலா நிறுவனம் இதே போன்ற ஒரு குச்சிக்குச் "சதை நிறம்" என்று வைத்திருந்த பெயரை 1962-இலேயே "பீச் பழ நிறம்" என்று மாற்றிவிட்டது. நம் பிள்ளைகளின் வாயில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது. குச்சியின் பெயரைக்கூட மாற்றிவிடலாம். கறுப்பாக வரைந்தால் படம் அழகாக இருக்காது என்று அந்தப் பெண் ஒன்பது வயதுக்குள் யாரிடமோ கற்றுக்கொண்டிருக்கிறாள், அதை அழிப்பதுதான் பெரிய வேலை. பிள்ளை தன் முகத்தைத் தானே வெளுப்பாக்கி வரைந்துவிட்டு "நான்தான்" என்று பெயர் எழுதினால், வரைந்தவளே அந்தப் படத்தில் இல்லை என்றுதான் அர்த்தம்.

அந்தப் பிள்ளைகளுக்கு அன்று நான் காட்டியது ஓவியர் இளையராஜாவின் படங்களை. இசையமைப்பாளர் அல்லர், எஸ். இளையராஜா என்ற ஓவியர். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியிலும் பிறகு சென்னையிலும் படித்தவர். தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்களையும் சிறுமிகளையும் அவர்கள் இருக்கிறபடியே, அவர்கள் நிறத்திலேயே, வாசற்படியிலும் அடுப்படியிலும் சன்னலோரத்திலும் வைத்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். புகைப்படம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் ஏராளம். 2021 ஜூன் மாதம், கொரோனா இரண்டாம் அலையில், நாற்பதைத் தாண்டிச் சிறிது காலத்திலேயே காலமாகிவிட்டார். இன்னும் முப்பது வருடம் வரைந்திருக்க வேண்டிய கை.

அவர் படங்களில் தோல் எப்படி மின்னுகிறது என்று கவனிக்க வேண்டும். ஒரு பொருளின்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு சிறு பகுதி மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். மீதி உள்ளே போய், தோலின் நிறத்தை வாங்கிக்கொண்டு வெளியே வரும். மேற்பரப்பில் திரும்பும் பகுதி சிவந்த தோலுக்கும் கறுத்த தோலுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் கறுத்த தோலில் உள்ளிருந்து வருவது குறைவு என்பதால், மேலே மின்னும் ஒளி எடுப்பாகத் தெரியும். வெள்ளைச் சுவரில் விளக்கொளி தெரியாது, மெருகிட்ட கருங்கல்லில் தெரியும் அல்லவா, அதுபோல. மேற்பரப்பில் திரும்பும் ஒளிக்குத் தோலின் நிறம் கிடையாது, வந்த இடத்தின் நிறம்தான். சன்னலில் வானம் தெரிந்தால் மூக்கு நுனியிலும் நெற்றியிலும் கன்ன மேட்டிலும் இலேசான நீலம் இருக்கும். வெளிர் முகத்தில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும், நம் முகத்தில் அது தானே வந்து நிற்கும். கறுப்பு முகத்தை வரைவது கஷ்டம் என்று சொல்கிறவர்கள் ஒருநாளாவது உட்கார்ந்து பார்த்தவர்கள் அல்லர் என்பது என் அபிப்பிராயம்.

கலவை செய்யும் விதம்: பர்ன்ட் சியன்னா என்ற சுட்ட காவி, மஞ்சள் காவி, அல்ட்ராமரைன் நீலம், கிரிம்சன் சிவப்பு, வெள்ளை. இந்த ஐந்து குழாய் போதும். சதை நிறம் என்று குழாயிலேயே கலந்து விற்பதை வாங்காதீர்கள். காவியோடு சிறிது நீலம் சேர்த்தால் ஆழமான பழுப்பு கிடைக்கும். நீலம் கூடினால் நிழல், காவி கூடினால் வெதுவெதுப்பு. மாநிறத்துக்கு மஞ்சள் காவியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நிழலுக்குக் கறுப்பைச் சேர்க்கக் கூடாது, கரி அப்பியதுபோல ஆகிவிடும். வெளிச்சப் பகுதிக்கு வெறும் வெள்ளையைச் சேர்ப்பதும் அதேபோலத் தொல்லை, பழுப்போடு வெள்ளை சேர்ந்தால் சுண்ணாம்பு பூத்த சுவர்தான். வெள்ளையோடு கொஞ்சம் மஞ்சள் காவியையோ காவியையோ குழைத்துக்கொண்டு சேருங்கள். முகம் முழுவதும் ஒரே நிறம் அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். நம்மவர் பலருக்கு நெற்றி கன்னத்தைவிடக் கறுத்திருக்கும். காது மடல், மூக்குத் துவார ஓரம், விரல் நுனி ஆகிய மெல்லிய இடங்களில் வெளிச்சம் ஊடுருவிச் சிவப்பாக வெளிவரும். சதைக்குள் சிவப்பு ஒளிதான் அதிகத் தூரம் போகும். மைசூர் படத்தில் சுடரை மறைத்த விரல்கள் சிவந்திருப்பதன் சூட்சுமம் இதுவே. காதின் ஓரத்தில் சுத்தமான சிவப்பை ஒரு கீற்று வைத்துப் பாருங்கள், முகத்துக்கு இரத்தம் ஓடத் தொடங்கிவிடும்.

நிறம் விஷயம் பிள்ளைகளோடு முடிந்துவிடவில்லை. எங்கள் தெருவில் எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார். கோலார் தங்கவயலில் வளர்ந்தவர். அவருடைய தங்கை 1961-இல் பதினேழு வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். ஒரே ஒரு படம்தான் இருக்கிறது, கறுப்பு வெள்ளையில் எடுத்துக் கையால் நிறம் தீட்டியது. கன்னத்தில் ரோஜாப் பூ, உதட்டில் குங்குமச் சிவப்பு, முகம் தயிர் போல வெளுப்பு. "தம்பி, அறுபது வருஷமா இதுக்குத்தான் மாலை போடறேன். ஆனா இது எங்க தங்கச்சி இல்ல, யாரோ" என்றார்.

அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் நெகட்டிவின்மேல் கூர்மையான பென்சிலால் நுணுக்கமாகத் தீட்டுவார்கள். நெகட்டிவில் கறுப்பது பிரிண்டில் வெளுக்கும். பருக்கள், கண்ணுக்குக் கீழே கருமை, தழும்பு எல்லாம் மறைந்துவிடும். பலரும் அதைக் கேட்டு வாங்கினார்கள், பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டும் படம் என்றால் சொல்லவே வேண்டாம். ஆகவே படத்திலிருந்து நிறத்தை மீட்க வழியில்லை, வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். "தங்கச்சி என்ன நிறம் அம்மா?" என்று கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டுப் பேத்தியைக் கூப்பிட்டு அவள் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். "இதைவிட ஒரு மாத்து கூட. வெயில்ல நின்னா இன்னும் கூட." பேத்தியைச் சன்னலோரம் உட்காரவைத்து நிறத்தை அவளிடமிருந்து எடுத்தேன், வடிவத்தைப் பழைய படத்திலிருந்து எடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். இடது புருவத்தில் ஒரு வெட்டு, சின்ன வயதில் தண்ணீர்க் குழாயடியில் விழுந்தது. ஸ்டுடியோக்காரர் அதை மூடியிருந்தார், நான் திறந்தேன். ஐந்து நாள் ஆயிற்று. முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "மூக்குத்தி எங்க தம்பி? படம் புடிக்கிற அன்னைக்குத்தான் கழட்டி வச்சிருந்தா." மூக்குத்தியையும் வைத்தேன். இப்போது இரண்டு படமும் அவர் வீட்டில் அடுத்தடுத்து மாட்டியிருக்கின்றன. மாலை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

புகைப்படத்தைப் பார்த்து வரையலாமா என்று பலர் கேட்கிறார்கள். இறந்தவர்களுக்கு வேறு வழியில்லை. இருப்பவர்களை நேரில் பார்த்து வரைவதே நல்லது. கட்டாயம் படம்தான் என்றால், செல்போனைக் கைநீட்டி எடுத்த படம் கூடாது. ஓரடித் தூரத்தில் எடுத்தால், ஐந்தடித் தூரத்தில் எடுப்பதைவிட மூக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அருகில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருக்கும் காது சிறிதாகவும் விழுவதுதான் விஷயம், காமிராவின் குற்றம் அல்ல. ஆறேழு அடி தள்ளி நின்று, சன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். முகத்தை வெளுப்பாக்கித் தரும் வசதி இப்போது போனிலேயே உண்டு, அந்தக் காலப் பென்சில்காரர் உள்ளேயே குடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் அணைத்துவிட வேண்டும்.

நேரில் உட்காரும் பிள்ளைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பொறுமை கிடையாது. இருபது நிமிடம், பத்து நிமிட ஓய்வு, மறுபடி இருபது. சிரிக்கச் சொல்லாதீர்கள், சிரிப்பை யாராலும் அசையாமல் வைத்திருக்க முடியாது, பத்தாவது வினாடியில் அது பல்லைக் காட்டும் முகமாகிவிடும். பேசவிடுங்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றியோ சண்டையைப் பற்றியோ கேட்டுக்கொண்டே இருந்தால் பேச்சுக்கு நடுவே முகம் அதன் சொந்த நிலைக்குத் திரும்பித் திரும்பி வரும். அந்த நிலையைத்தான் பிடிக்க வேண்டும். உட்கார்ந்த இடத்தில் நாற்காலிக் கால்களைச் சுற்றிச் சாக்பீஸால் குறியிட்டுக்கொண்டால் மறுநாளும் அதே இடத்தில் உட்காரவைக்கலாம்.

தொடக்கத்தில் வண்ணம் வேண்டாம். எச்.பி., 2பி, 4பி பென்சில் மூன்றும் கெட்டிக் காகிதமும் போதும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் முகம் மூன்றே பகுதியாகத் தெரியும்: வெளிச்சம், நடு நிறம், நிழல். முதலில் அந்த மூன்றையும் திட்டுத் திட்டாகப் போட்டுவிட்டு, பிறகு கண்ணைத் திறந்து ஓரங்களை இளக்குங்கள். இமை மயிரை ஒவ்வொன்றாக வரைய ஆசை வரும், கடைசி நாள்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். வெர்மீரின் அந்தப் பெண்ணுக்கு இமை மயிரே இல்லை என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2018-இல் கருவிகளை வைத்து ஆராய்ந்தபோதுதான் மிக நுண்ணிய மயிர்கள் தீட்டப்பட்டிருந்தது தெரிந்தது. அவ்வளவு மென்மையாக இருந்தால் போதும்.

நல்ல ஓவியங்களைப் பிள்ளைகளுக்கு நேரில் காட்ட வேண்டும். அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் தேசிய நவீனக் கலைக்கூடம் 2009 முதல் இருக்கிறது. குமார கிருபா சாலையில் சித்திரகலா பரிஷத் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்தச் சாலையில் நடக்கும் சித்திரச் சந்தையில் நடைபாதையிலேயே உட்கார்ந்து முகம் வரைந்து தருகிறவர்கள் வருவார்கள். அவர்கள் கை எங்கே தொடங்குகிறது, எதைக் கடைசிக்கு விடுகிறது என்று பின்னால் நின்று பார்ப்பது பத்துப் பாடத்துக்குச் சமம். மைசூருக்குப் போவதாக இருந்தால் அரண்மனைக் கலைக்கூடம் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.

படம் முடிந்ததும் பின்பக்கத்தில் வரையப்பட்ட பிள்ளையின் பெயர், வயது, நாள், ஊர், வரைந்தவர் பெயர் ஐந்தையும் தமிழில் எழுதிவைக்க வேண்டும். பேனா வேண்டாம், மை சில வருடத்தில் மறுபக்கம் ஊறி முகத்தில் தெரியும். பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதினால் போதும்.